பல்கனியில் நின்று கேட்ட ஹோம் ரண்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவோடு கடலுக்குப் போனவன் நான். எந்த இடத்தில் சின்ன ‘ர’ வரும், எந்த இடத்தில் பெரிய ‘ற’ வரும் என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. இதைத் தட்டச்சு செய்கிறவர் பிழைகளைத் திருத்திவிட்டால் புண்ணியம்.

தமிழ்க் கடைகளின் வாசலில் இலவசமாக அடுக்கி வைக்கும் பத்திரிகை ஒன்றில், எங்கள் நகரத்துப் பேஸ்போல் அணியின் வரலாற்றில் உங்களுக்குப் பிடித்த தருணங்களை எழுதி அனுப்புங்கள் என்று வாசகர்களைக் கேட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்து ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு இந்தக் குளிர்காலம் முழுக்கத் திரிந்தேன். எழுதத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக அந்த அணியோடு இருக்கிறேன். ஆனால் எல்லோரும் சொல்லிச் சொல்லி மகிழ்கிற அந்தத் தருணங்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அவை நடந்த நேரங்களில் நான் வெளியே நின்றேன். என்னை வெளியே நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அது தொடங்கியது. அப்போது நான் ஊரிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே இருக்கும் அறையில், ஆறு பேர் இருந்தோம். மூத்தவர் டாக்ஸி ஓடுகிறவர். அவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். டாக்ஸியில் ஏறுகிறவர்கள் எல்லாரும் பேஸ்போல் கதைக்கிறார்கள் என்று அவர்தான் அந்த விளையாட்டை எங்கள் பேஸ்மென்றுக்குள் கொண்டுவந்தார். அதற்கு முந்திய வருடம் கோப்பை எங்கள் ஊருக்கு வந்திருந்தது. இரண்டாவது முறையும் வருமா என்பதுதான் அன்றைய கேள்வி. கடைசிச் சுற்று, ஒன்பதாவது இனிங். ஓர் ஓட்டம் பின்னால் நிற்கிறோம். அண்ணை நகத்தைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“டேய் தம்பி, ஓடிப்போய் ஆறு கோப்பி வாங்கிக்கொண்டு வா. தொண்டை காயுது.”

நான்தான் இளையவன். எதிர்த்துக் கதைக்கும் பழக்கமும் இல்லை. தெரு முனைக் கோப்பிக் கடைக்குப் போனேன். கோப்பிகளை மட்டைத் தட்டில் வைத்து இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தபோது, தெருவில் நின்ற கார்கள் எல்லாம் ஒன்றாக ஹோர்ன் அடிக்கத் தொடங்கின. ஏதோ பெரிய விபத்து என்று நினைத்தேன். ஒரு வீட்டுக் கதவு திறந்தது. காலில் செருப்புக்கூட இல்லாமல் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கோப்பி அவருடைய நெஞ்சிலும் என் நெஞ்சிலும் கொட்டியது. அவர் அழுதுகொண்டு என்னவோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னைக் கட்டிப்பிடித்த முதல் ஆள் அவர்தான்.

வீட்டுக்கு வந்தால் பேஸ்மென்றில் கட்டில்மேல் நின்று ஆடுகிறார்கள். அண்ணை என்னைத் தூக்கிச் சுற்றினார்.

“நீ வெளிக்கிட்ட உடனை அடிச்சிட்டான்ரா! மூண்டு ஓட்டம்! முடிஞ்சுது கேம்! உன்ர முழிவியளம் இஞ்சை இருந்திருந்தா அடிச்சிருக்க மாட்டான்.”

“அண்ணை, நான் கோப்பிக்குத்தானே போனனான்.”

“அதைத்தான்ரா சொல்லுறன். இனி நெருக்கமான நேரம் உன்னை உள்ளுக்கு வைச்சிருக்கேலாது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முகத்தில் முழித்தால் காரியம் ஆகாது என்கிற பேச்சு எங்கள் ஆட்களிடம் புதிதா என்ன. அது அன்றோடு முடிந்துபோயிருக்கும். நான்தான் அதைக் கல்யாணம் கட்டிய பிறகு மனைவியிடம் பகிடியாகச் சொன்னேன்.

அவள் மன்னாரிலிருந்து வந்தவள். வரும்போது இரண்டு கோப்பைகளும் முடிந்திருந்தன. நாங்கள் ஸ்காபரோவில் உயர்ந்த கட்டடம் ஒன்றின் பதினோராம் மாடியில் வீடு எடுத்தோம். இப்போதும் அதே வீடுதான். நான் பாண் சுடும் ரொட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவேன். அவள் ஆங்கிலம் தெரியாமல் தனியாக வீட்டில் இருந்தாள். ஒருநாள் நான் வேலையால் வர, கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேஸ்போல் பார்க்கிறாள்.

“இஞ்சருங்கோ, இது எங்கட எல்லே எல்லோ!”

எல்லே என்பது எங்கள் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் விளையாடுகிற விளையாட்டு. மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு மூலைகளைச் சுற்றி ஓடிவர வேண்டும். பள்ளிக்கூட எல்லே அணிக்கு அவள் தலைவியாக இருந்திருக்கிறாள். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“எல்லேயில ஓடுறவைக்குப் பந்தால எறிஞ்சா அவுட். இதில எறியக்கூடாது போல கிடக்கு. மற்றபடி ஒண்டுதான்” என்றாள்.

ஒரு மாதத்தில் அவளுக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. விளையாட்டுக்காரர்களின் பெயர்களை அவள் பாடமாக்கவில்லை. தானே பெயர் வைத்தாள். தாடிக்காரன், நெடுவல், சூயிங்கம் சப்பி, மாமியார் வீட்டுக்கு வந்தவன். கடைசியாகச் சொன்னவன் ஒரு இடத்திலும் நிலைகொள்ளாமல் நிற்பவன். வருடா வருடம் ஆட்கள் மாறுவார்கள், பெயர்கள் அப்படியே அடுத்தவனுக்குப் போகும்.

நான் சொன்ன கோப்பிக் கதையை அவள் பகிடியாக எடுக்கவில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். அந்தோனியார் படத்துக்கு மெழுகுதிரி ஏற்றுகிறவள். ஆனாலும் இந்த விஷயத்தில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. நான் சோபாவில் இருந்து பார்த்த இறுக்கமான ஆட்டங்கள் நாலைந்து தோற்றுப்போக, என்னைப் பார்த்துப் பல்கனிக் கதவைக் காட்டினாள்.

“கொஞ்சம் வெளியால நில்லுங்கோ. கோவியாதேங்கோ.”

நான் கோபிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. எனக்குக் கூச்சம் அதிகம். சந்தோஷம் வந்தால் என்ன செய்வது, எப்படிச் சத்தம் போடுவது என்று தெரியாது. வெளியே நின்று கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாதையைப் பார்ப்பேன். ஹோம் ரண், பந்து சுவரைத் தாண்டிப் போகிற அடி, விழுந்தால் அவள் கண்ணாடியில் தட்டிக் கூப்பிடுவாள். நான் உள்ளே போனதும் நடந்ததை முதலில் இருந்து நடித்துக் காட்டுவாள். அகப்பைதான் மட்டை. சமைக்கிற குசினிக்கும் சோபாவுக்கும் இடையில்தான் மைதானம்.

பக்கத்துப் பல்கனியில் மட்டக்களப்பு ஆள் ஒருவர் சிகரெட் பிடிக்க வருவார். அவருக்கு இந்த ஒழுங்கு தெரியும்.

“என்னகா அண்ணன், இன்னும் உங்கள உள்ளுக்கு எடுக்கல்லியா?”

“ஏழாவது இனிங் போகுது.”

“அப்ப இன்னும் ரெண்டு சிகரெட் நிக்கணும். அக்காட சட்டம் கடும் சட்டம்தான்.”

எங்கள் அணி பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் அவள் “இந்த முறை பாருங்கோ” என்பாள். புரட்டாதி வருமுன் தோற்றுப்போய் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கோப்பை வாங்கியதைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் சொந்தக்காரருக்குள் பலர் இருந்தார்கள். கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிப் பெருமை அடிப்பார்கள். அவள் மட்டும் பேசாமல் இருந்து கேட்பாள். வீட்டுக்கு வரும்போது காருக்குள் சொல்லுவாள்: “எனக்கும் ஒருக்கா வரும்.”

இரண்டாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டு ஐப்பசியில் அந்த ஒரு ஆட்டம் வந்தது. தோற்றால் வெளியே. வென்றால் அடுத்த கட்டம். ஏழாவது இனிங் முடிகிற பாடாய் இல்லை. சண்டை, வாக்குவாதம், மேலிருந்து போத்தல்கள் எறிகிறார்கள் என்று கதவு இடுக்கால் சொல்லிவிட்டு அவள் மறுபடி சாத்திக்கொண்டாள். நான் வெளியே நிற்கிறேன். பொழுது மங்கிவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தில் எல்லார் வீட்டுத் தொலைக்காட்சியும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. கீழே சில வீடுகளில் ஜன்னலில் அன்ரனா வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் படம் முந்தி வரும். எங்களுடையது கேபிள், சில விநாடிகள் பிந்தி வரும். பல்கனியில் நிற்கிறவனுக்குத்தான் இது தெரியும்.

அன்றைக்குக் கீழே நாலாம் மாடிப் பக்கமிருந்து ஒரு சத்தம் எழும்பியது. அது அழுகையா சந்தோஷமா என்று சந்தேகப்பட இடமே இல்லை. நான் முதல் முறையாகத் திரும்பிக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். தொலைக்காட்சியை அல்ல, அது எனக்குத் தெரியாத பக்கத்தில் இருந்தது. அவளைப் பார்த்தேன். அவளுக்கு இன்னும் தெரியாது. சோபா நுனியில் இருந்து, இரண்டு கைகளையும் முழங்காலுக்கு இடையில் இறுக்கி வைத்துக்கொண்டு, கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உதடு அசைகிறது, அந்தோனியாரோடு கதைக்கிறாள். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அப்படி ஒரு இரண்டு மூன்று விநாடி. பிறகு அவளுடைய கண் மேலே எழும்பியது. பந்து போகிற திசையில் கண் ஏறி ஏறிப் போனது. வாய் திறந்தது. அவள் எழும்பி நின்றாள்.

பத்திரிகைக்காரர் கேட்ட பிடித்த தருணம் எனக்கு இதுதான். வேறு இல்லை.

உள்ளே போனதும் அவள் அகப்பையைத் தூக்கி எறிந்து காட்டினாள். அது போய்க் குசினி லைட்டில் பட்டது.

“அடிச்சிட்டு மட்டையை இப்பிடி எறிஞ்சான் பாருங்கோ! பந்தியில கோவிச்சுக்கொண்டு எழும்பின மாப்பிளை மாதிரி!”

அந்த வருடமும் கோப்பை வரவில்லை. அடுத்த வருடம் மேலதிக இனிங்கில் ஒருவன் அடித்து வென்ற ஆட்டமும் நான் வெளியே நிற்கத்தான் நடந்தது. அதற்கும் பிறகு ஒன்றும் இல்லை.

இந்தக் காலத்தில்தான் அவளுடைய சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கண்ணுக்குப் போனது. நீண்டகாலமாகவே அவளுக்குச் சீனி இருந்தது. குளிசை போட்டுக்கொண்டு, அதற்குமேல் தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனியும் போட்டுக்கொண்டு இருந்தாள். ஒருநாள் கண்ணுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ மிதக்கிறது என்றாள். கண்ணின் அடியில் இரத்தம் கசிகிறதாம். லேசர் அடித்தார்கள். பிறகு கண்ணுக்குள் நேரே ஊசி. சில கிழமைக்கு ஒருமுறை போக வேண்டும். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வெளியே கதிரையில் இருப்பேன். அவள் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு வருவாள்.

“நோகுதோ?”

“ஊசி கிட்ட வாறதைப் பாக்கிறதுதான் நோ. மற்றது பரவாயில்லை.”

ஒரு முறை பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “கண் பூட்டுறதுக்கு முதல் உவங்கள் கோப்பை தூக்கிறதை ஒருக்கா பாத்திடவேணும். பிறகு என்னவும் ஆகட்டும்.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் தெரியாது. “பாப்பம்” என்றேன்.

போன வருடம், இரண்டாயிரத்து இருபத்தைந்து, யாரும் எதிர்பாராத மாதிரி எங்கள் அணி வென்று வென்று வந்தது. ஐப்பசியில், கோப்பைக்கான கடைசித் தொடருக்குள் போவதற்கு ஒரே ஒரு ஆட்டம் மிச்சம். நான் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பல்கனிக்குப் போனேன். இரண்டு ஓட்டம் பின்னால். ஏழாவது இனிங். கீழே அந்தச் சத்தம் எழும்பியது. நான் பழையபடி திரும்பி அவளைப் பார்த்தேன்.

அவள் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் பக்கத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காத்திருந்தேன். தொலைக்காட்சியிலும் பந்து போயிருக்க வேண்டும். அவள் கண் மேலே ஏறவில்லை. அறிவிப்பாளர் கத்துகிற சத்தம் கண்ணாடிக்குள்ளாலும் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் எழும்பிக் கை தட்டினாள்.

உள்ளே ஓடினேன். அகப்பை மேசையில் அப்படியே கிடந்தது. அவள் சிரித்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்:

“பந்து எங்கை விழுந்தது?”

நான் வெளியே நின்றவன். எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கும் அது உடனே விளங்கிவிட்டது. சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டே சோபாவைத் தடவி இருந்தாள்.

“எப்ப தொடக்கம்?” என்று கேட்டேன்.

“ஆவணி மாசம் தொடக்கம் கொஞ்சம் கொஞ்சமா.”

“ஏன் சொல்லேல்லை?”

“சொல்லி? நீங்கள் வேலைக்கும் போகாமல் இருந்து முகத்தைப் பாத்துக்கொண்டு இருப்பியள்.”

அவ்வளவு நாளும் அவள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கேட்டே எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள். எனக்கு அது தெரியவே இல்லை.

பக்கத்து நகரமான மார்க்கத்தில் இருக்கும் எங்கள் மகள் அடுத்த நாளே லீவு போட்டுவிட்டு வந்து டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே அவர்கள் ஆங்கிலத்தில் நெடுநேரம் கதைத்தார்கள். மகள் என்னை வெளியே நடைபாதைக்குக் கூட்டிவந்து சொன்னாள்.

“அப்பா, லெஃப்ட் ஐ கம்ப்ளீற்லி போட்டுது. றைற்றில ஜஸ்ட் ஷாடோஸ் மட்டும்தான். அதுவும் நெடுக ஸ்ரே பண்ணாது எண்டு சொல்லுறார்.”

“ஒப்பரேஷன்?”

“ரூ லேற் அப்பா. பிந்திப் போச்சு.” அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்று அழுதாள்.

கடைசித் தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. அது எங்கள் நகரத்திலேயே நடந்தது. எங்கள் கணக்கில் கார்த்திகை, அதாவது நவம்பர், முதலாம் தேதி, சனிக்கிழமை. மகள் வருகிறேன் என்றாள். “வேண்டாம், நாங்கள் ரெண்டுபேரும் பாக்கிறம்” என்று மனைவி சொல்லிவிட்டாள். அந்தோனியாருக்கு மெழுகுதிரியை நான்தான் ஏற்றினேன், அவளுக்குத் திரி பிடிபடவில்லை. ஆட்டம் தொடங்கியதும் நான் வழக்கம்போலப் பல்கனிக் கதவைத் திறந்தேன்.

“எங்கை போறியள்?”

“வெளியால.”

“வாங்கோ உள்ளுக்கு. வந்து பக்கத்தில இருங்கோ.”

“ராசி…”

“ராசியும் மண்ணாங்கட்டியும். எனக்கு ஆர் சொல்லுறது? அவங்கள் இங்கிலீசில அடுக்கிற அடுக்குக்கு ஒண்டும் விளங்காது. கதவைச் சாத்திப்போட்டு வாங்கோ. கீழ இருக்கிறவங்கள் முந்திக் கத்திப்போடுவாங்கள். நீங்கள் சொல்லித்தான் நான் கேக்கவேணும்.”

நான் கதவைச் சாத்தினேன். பக்கத்தில் இருந்தேன். வாழ்க்கையில் ஒரு நாளும் தொடர்ந்து பத்து வசனம் கதைத்தவன் இல்லை நான்.

“எறியிறான்… விட்டிட்டான்… திருப்பி எறியிறான்…”

“ஆர் விட்டது? ஆளைச் சொல்லுங்கோ.”

“அவன்தான், அந்த… தலைமயிர் நீட்டு விட்டிருக்கிறவன்.”

“அப்பிடி எத்தினை பேர் நிக்கினம்! பூசாரி மாதிரிக் கொண்டை கட்டினவனோ, மற்றவனோ?”

“மற்றவன்.”

“ஆ, அப்பிடிச் சொல்லுங்கோ.”

மூன்றாவது இனிங்கில் எங்கள் பக்கம் இரண்டு பேர் மூலைகளில் நிற்க, முழங்கால் நோவோடு நொண்டி நொண்டி விளையாடிக்கொண்டிருந்த ஒருவன் அடித்தான். நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்த முதல் பெரிய ஹோம் ரண் அது. பந்து மேலே போகிறது, போகிறது, எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“என்ன? என்ன? சொல்லுங்கோவன்!”

“போட்டுது! நடுவால! சுவருக்கு அங்காலை போட்டுது! மூண்டு!”

அவள் என் கையைக் குத்தினாள். “பாத்தியளே! உங்கட ராசி முறிஞ்சு போச்சு! எத்தினை வருசம் உங்களை வீணா வெளியால விட்டிட்டன்!” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. எதிரணி ஒரு ஓட்டம், இன்னொன்று. நாங்களும் இன்னும் ஒன்று எடுத்தோம். அவர்களுக்கு எட்டாவதில் மறுபடி ஒன்று. ஒன்பதாவது இனிங்கில் ஓர் ஓட்டம் முன்னால் நிற்கிறோம். இன்னும் இரண்டே இரண்டு பேரை அவுட் ஆக்க வேண்டும். அவள் செபமாலையைக் கையில் எடுத்துவிட்டாள். எதிரணியில் சின்ன ஆள் ஒருவன், அடிப்பான் என்று ஒருவரும் நினைக்காதவன், மட்டையோடு வந்தான். அவன் அடித்ததை நான் பார்த்தேன். சொல்லவில்லை. மைதானமே அடங்கிப்போனது அவளுக்குக் கேட்டது.

“சமமாக்கிப் போட்டாங்களோ?”

“ஓம்.”

எனக்கு எழும்பி வெளியே போக வேண்டும் போல் இருந்தது. கால் அசைந்ததும் அவள் என் தொடையில் கை வைத்தாள். “எழும்பாதேங்கோ.”

எங்கள் முறை. எல்லா மூலைகளிலும் எங்கள் ஆட்கள். ஒருவன் வீடு, அதாவது அடிக்கத் தொடங்கிய மூலை, வந்து சேர்ந்தால் கோப்பை எங்களுடையது. பந்து நிலத்தில் உருண்டது, அவர்கள் எடுத்து வீட்டுக்கு எறிந்தார்கள், எங்கள் ஆள் சறுக்கிக்கொண்டு வருகிறான்.

“கால் பட்டுதோ? பட்டுதோ?”

மெதுவாகத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஒரு பாதத்தின் அளவுகூட இல்லை, அதிலும் குறைவு. “பட்டது” என்று சொல்ல எனக்கு வாய் உன்னியது. ஆனால் அவளுக்குப் பொய்யாக ஒரு கோப்பையைக் கொடுத்து என்ன செய்வது.

“இல்லை. கொஞ்சம் பிந்திப் போச்சு.”

அடுத்து ஒருவன் தூர அடித்தான். அது போகும் என்று நினைத்தேன். எதிரணிக்காரர் இரண்டு பேர் சுவரடியில் ஒருவரோடு ஒருவர் மோதி விழுந்தும் பந்தைப் பிடித்துவிட்டார்கள். அதையும் சொன்னேன். சமமாக நின்றதால் ஆட்டம் நீண்டு, பதினோராவது இனிங்கில் அவர்கள் ஒரு ஹோம் ரண் அடித்தார்கள். அதையும் சொன்னேன். எங்கள் கடைசி முறையில் இரண்டு பேர் மூலைகளில் நிற்க, எங்கள் குண்டுப் பொடியன் வந்தான். அவள் அவனுக்குச் செல்லமாகப் பணியாரம் என்று பெயர் வைத்திருந்தாள்.

“பணியாரம் வாறான்.”

“அடிப்பான்” என்றாள். செபமாலை அவள் விரலில் நின்றுவிட்டது.

மட்டை உடைந்தது. பந்து மெல்ல உருண்டு அவர்கள் கைக்குப் போனது. ஒரு மூலையில் ஒருவன் அவுட், மறு மூலையில் பணியாரம் அவுட். எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்தில்.

“ரெண்டு பேரும் அவுட். முடிஞ்சுது.”

அவள் செபமாலையைச் சுருட்டி மடியில் வைத்தாள். “முதல்ல இருந்து சொல்லுங்கோ, ஆறுதலா” என்றாள். நான் கடைசிப் பந்தை முதலில் இருந்து சொன்னேன். மட்டை எப்படி உடைந்தது, துண்டு எங்கே போய் விழுந்தது, பந்து எந்தப் பக்கம் உருண்டது என்று. அகப்பையை எடுத்து நடித்துக் காட்டலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. யாருக்கு நடிப்பது?

“அவங்கள் என்ன செய்யினம்?”

“ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்சுக் குதிக்கினம்.”

“எங்கட ஆக்கள்?”

“வாங்கில வரிசையாக் குந்தி இருக்கினம். எழும்பாமல் அதைப் பாத்துக்கொண்டிருக்கினம்.”

“பாவங்கள்” என்றாள். “நிப்பாட்டுங்கோ.”

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முதல், வலது கண்ணில் மிச்சமிருந்த நிழலும் போய்விட்டது. ஒரு பெண் வீட்டுக்கு வந்து வெள்ளைத் தடியைக் கொடுத்து நடக்கப் பழக்குகிறாள். மனைவி பழகுகிறாள், ஆனால் லிஃப்டுக்கு அப்பால் போக மாட்டேன் என்கிறாள். நான் வேலையைக் குறைத்துக்கொண்டேன். கறிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று அவள் குரலில்தான் தெரிந்துகொள்கிறேன். அவள் அந்தோனியாரிடம் இப்போது என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது. படத்துக்கு முன்னால் நின்று கேட்பதை விட்டுவிட்டாள்.

மாசி மாதத்தில் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கின. அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று ஒரு பகல் தொலைக்காட்சியைப் போட்டேன். அவள் குசினியில் தடவித் தடவிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

“இஞ்சரும், வாரும். புதுசா ஒரு நெடுவல் வந்திருக்கிறான். நான் சொல்லுறன்.”

“வேண்டாம்” என்றாள். “நீங்கள் வடிவாத்தான் சொல்லுறியள். ஆனா எனக்கு அது தெரியேல்லை. கேக்கக் கேக்க இன்னும் இருட்டுது.”

கையைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி போய்ப் படுத்தாள். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கொஞ்சம் பார்த்தேன். பிறகு நிறுத்தினேன். கேபிள்காரருக்கு மகளைக் கொண்டு போன் பண்ணி அதை வெட்டச் சொல்லிவிட்டோம்.

இந்தக் கிழமை புதிய சீசன் தொடங்கியிருக்கிறது. இன்று காலை உடுப்புக் காயப்போடப் போனபோது பக்கத்துப் பல்கனிக்காரர் சிகரெட்டோடு நின்றார்.

“என்னகா அண்ணன், நேத்து நம்மட ஆக்கள் எப்படி விளையாடினாங்க?”

“பாக்கேல்லை.”

“அக்கா?”

“அவவும் இல்லை.”

அவர் சிகரெட்டைப் பாதியில் அணைத்துவிட்டு உள்ளே போனார். நான் கடைசித் துவாயையும் விரித்துப் போட்டுவிட்டு வந்து, அவள் நித்திரையாகக் கிடக்கும் நேரம் பார்த்துக் குசினி மேசையில் இருந்து இதை எழுதினேன்.

ஸ்காபரோ, பங்குனி மாதம், கடைசிச் சனிக்கிழமை.